தூக்க முடியாமல் போனால் எடை எங்கே விழும்? புதிதாக ஜிம் சாமான் வாங்குபவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: காரிமங்கலம் பக்கம், வயது 20, எடை 56 கிலோ. உடம்பு ஏற்ற வேண்டும். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் வரும் 50 கிலோ பிவிசி தட்டு செட், தட்டு மாட்டித் தூக்கும் 5 அடி ராடு, மடக்கு பெஞ்ச் மூன்றையும் வாங்கி மாடி அறையில் போட்டுக்கொள்ளலாமா, இல்லை தர்மபுரி டவுனில் ஜிம்மில் சேருவதா? தனியாகத்தான் செய்வேன், கூட ஆள் கிடையாது.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். கடைக்காரர் "300 கிலோ தாங்கும்" என்பார். தாங்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பாதித் தூக்கில் கை சோர்ந்தால் இந்த எடை எங்கே போய் விழும்? டம்பெல் என்றால் பக்கவாட்டில் தரைக்குப் போகும். மெஷின் என்றால் எடைக் கட்டைகள் தங்கள் அடுக்கின் மேலேயே போய் உட்காரும். பெஞ்சில் மல்லாந்து படுத்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் என்றால் ராடு நெஞ்சின் மேல் உட்காரும், உருண்டால் கழுத்துக்கு வரும். நீங்கள் பட்டியல் போட்டிருக்கும் மூன்றும் சேர்ந்தால் இந்தக் கடைசி நிலைதான். கை விட்டால் ராடைத் தாங்கும் தடுப்புக் கம்பி இல்லாத பெஞ்ச், ராடு, ஆளில்லாத மாடி அறை. 30 கிலோவே போதும், ஆபத்துக்கு 100 கிலோ தேவையில்லை.

அதனால் முதல் ஆறு மாதத்துக்கு ராடை மறந்துவிடுங்கள். 14 இன்ச் டம்பெல் ராடு இரண்டு, இரும்புத் தட்டுகள் 1.25 கிலோவில் நாலு, 2.5-ல் நாலு, 5-ல் நாலு, மடங்காத ஒரு சாதா பெஞ்ச். தட்டுகள் மொத்தம் 35 கிலோ. எல்லாத் தட்டையும் இரண்டு டம்பெல்லுக்கும் சமமாகப் பிரித்து ஏற்றினால் ஒன்றில் 17.5 கிலோ, ராடோடு 19 கிலோவை ஒட்டி வரும். 56 கிலோ உடம்புக்குப் புதிதாகத் தொடங்குபவர் இதைத் தாண்ட மாதக்கணக்கில் ஆகும்.

1.25 கிலோ தட்டைக் கடையில் யாரும் எடுத்துக்காட்ட மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். பல செட்டுகளில் மிகச் சிறிய தட்டே 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறுகிறது. 20 கிலோ தள்ளிக்கொண்டிருப்பவருக்கு அது கால் பங்கு கூடுதல். தோள் மூட்டு வலிக்கு இந்தத் தாவலே காரணமாகிவிடலாம்.

இனி ராடு. பின்னால் வாங்கும்போது உதவும் என்பதால் சொல்கிறேன். சந்தையில் கிடைக்கும் சாதா ராடு 25 அல்லது 28 மி.மீ. கனம். பெரிய ஜிம்களில் இருக்கும் ஒலிம்பிக் ராடு 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர், தட்டு மாட்டும் முனை 50 மி.மீ. ஒன்றின் தட்டு இன்னொன்றுக்குச் சேராது. 25 மி.மீ. ராடில் 50 மி.மீ. ஓட்டைத் தட்டை மாட்டி "கிளிப் போட்டால் நிற்கும்" என்பவர்கள் உண்டு (கிளிப் என்பது தட்டு நழுவாமல் ராடின் முனையில் மாட்டும் பிடிப்பு). தட்டு ஆடும், ஆடும் தட்டு கிளிப்பைத் தள்ளிக்கொண்டே வரும்.

ராடு உள்ளே கெட்டியா, குழாயா என்று கண்டுபிடிக்கக் கட்டட மேஸ்திரி கம்பி எடை போடும் கணக்கு போதும். விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 28 மி.மீ. என்றால் 784-ஐ 162-ஆல் வகுக்க 4.84. 5 அடி என்பது 1.52 மீட்டர். ஆக ராடு 7.4 கிலோ இருக்க வேண்டும். 25 மி.மீ. என்றால் 5.9 கிலோ. தராசில் வைத்துப் பாருங்கள். 28 மி.மீ. ராடு 4 கிலோதான் காட்டுகிறது என்றால் அது குழாய். நடுவில் லேசாக வளையத் தொடங்கிய குழாய் திரும்ப நிமிராது. ஒருநாள் அங்கேயே மடங்கும். ராடின் எடையைக் கணக்கில் சேர்க்கவும் இது உதவும். "40 கிலோ போடுகிறேன்" என்று சொல்பவர் 47 போட்டுக்கொண்டிருப்பார்.

ராடு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்தில் கருவி தேட வேண்டியதில்லை. பாலிஷ் போட்ட கிரானைட் பலகை ஒன்றின் மேல் உருட்டிவிடுங்கள். நேரான ராடு ஒரே சீராக ஓடும். வளைந்தது குலுங்கிக் குலுங்கிப் போகும், அடியில் வெளிச்சம் தெரியும்.

தட்டில் இரும்புதான் நல்லது. பிவிசி தட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் சிமெண்ட் கலவை. ஒரே எடைக்கு இரண்டு மடங்கு தடிமன் ஆவதால் ராடின் முனையில் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடும், கிளிப் நுனியில் போய் நிற்கும். கீழே இரண்டு தடவை விழுந்தால் ஓரம் பிளந்து தூள் கொட்டும், அதற்கப்புறம் இரு பக்கமும் ஒரே எடை இருக்காது. பழைய இரும்புத் தட்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இரும்பு பழசாவதால் எடை குறைவதில்லை. சந்தையில் மண்சட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஓட்டையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு ஒரு போல்ட்டால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். வார்ப்பிரும்பு வளையாது, ஒரேயடியாக உடையும்.

பெஞ்சைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கடையில் யாரும் செய்யாத காரியம் இது, ஆனால் எல்லாமே அடியில்தான் இருக்கிறது. மெத்தைக்குக் கீழே இருப்பது 18 மி.மீ. பிளைவுட்டா, மரத்தூள் அட்டையா? அட்டையில் திருகு நாளாக நாளாகப் பிய்த்துக்கொண்டு வரும். கால்கள் 50 மி.மீ. சதுரக் குழாய், குறைந்தது 14 கேஜ், அதாவது 2 மி.மீ. தகடு. 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., உட்கார்ந்து டம்பெல் செய்யப் போதும், ராடை வைக்கும் ஸ்டாண்டுக்குப் போதாது. உயரம் 42 முதல் 45 செ.மீ. மல்லாந்து படுத்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், குதிகால் தூக்கினால் அந்த பெஞ்ச் உங்களுக்கு உயரம். மெத்தை அகலம் 30 செ.மீ. சுற்றி. அதற்கும் அகலமானது சொகுசாக இருக்கும், ஆனால் தோள்பட்டை எலும்பை அசையவிடாது. பெருவிரலால் அழுத்தினால் பலகை தட்டுப்பட்டால் ஃபோம் மட்டம்.

"எட்டு வேலைக்கு ஒரே பெஞ்ச்" என்று வருவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் ஒரு கூடுதல் ஓட்டை, ஒரு பின். ஆடும் இடங்கள் அவைதான்.

பட்டறையில் செய்யக் கொடுப்பது நம் ஊரில் நல்ல வழி. பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை எங்கு போனாலும் கிரில் பட்டறை இருக்கிறது. ஆனால் கேட் செய்பவர் பழக்கத்தில் அங்கங்கே பொட்டுபோல் வெல்டிங் வைத்துவிட்டுப் பெயின்ட் அடித்துவிடுவார். கேட்டின் மேல் யாரும் எடையோடு படுப்பதில்லை. இணைப்பு நாலு பக்கமும் முழுசாக வெல்டிங் ஓட வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கசடு தட்டிய பிறகு வெல்டிங் மீன் செதில்போல் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். ஓட்டை ஓட்டையாக இருந்தாலும், குழாயை அரித்துப் பள்ளம் விழுந்திருந்தாலும், மேலே பட்டி பூசியிருந்தாலும் திரும்பப் போடச் சொல்லுங்கள். போல்ட் தலையில் 8.8 என்று எழுதியிருப்பதைப் போடச் சொல்லுங்கள், நட்டு நைலான் வளையம் உள்ளது. பிறகு மாதம் ஒருமுறை வெல்டிங் ஓரத்துப் பெயின்ட்டைப் பார்த்தால் போதும். அங்கே முடிபோலக் கோடு விழுந்திருந்தால் பெயின்ட் மட்டும் வெடிக்கவில்லை, கீழே இணைப்பு அசைகிறது.

ஸ்டாண்டு செய்யக் கொடுத்தால் தடுப்புக் கம்பியோடு கொடுங்கள். தடுப்பு இல்லாத ஸ்டாண்டு பாதி வேலைதான். தடுப்பின் உயரத்தை வெறும் ராடை வைத்துச் சரிபாருங்கள்: நெஞ்சை நிமிர்த்திப் படுத்தால் ராடு நெஞ்சைத் தொட வேண்டும், மூச்சை விட்டு நெஞ்சைத் தாழ்த்தினால் ராடு தடுப்பில் உட்கார வேண்டும். உருண்டு வந்தாலும் கழுத்துக்கு மேலே இடைவெளி இருக்க வேண்டும். ராடைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு, நீங்கள் உட்காரும் அடிமட்டத்தில் ராடு இருக்கும் உயரத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே.

அடுத்து, ஜிம்களில் நடக்கும் ஒரு சங்கதி. ராடு ஸ்டாண்டில் இருக்கிறது, ஒரு பக்கத்துத் தட்டை முழுக்க எடுத்தார்கள், மறுபக்கம் எகிறிக் கவிழ்ந்தது. இது கவனக்குறைவு இல்லை, வெறும் துலாக்கோல் கணக்கு. பெஞ்சோடு ஒட்டிய ஸ்டாண்டில் ராடைத் தாங்கும் இரண்டு கொக்கிக்கும் நடுவே 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ராடு 7 கிலோ. அதன் எடை நடுவில், கொக்கியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இழுக்கிறது: 7 பெருக்கல் 30, 210. தட்டு நடுவிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் மாட்டியிருந்தால் அது கொக்கிக்கு வெளியே 25 செ.மீ. 210-ஐ 25-ஆல் வகுத்தால் 8.4. அதாவது ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும்போது மறுபக்கம் ஒரே ஒரு 10 கிலோ தட்டு இருந்தாலே ராடு கவிழும். கொக்கிகள் 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால் அதே ராடு 60 கிலோவுக்கும் மேல் தாங்கியிருக்கும். ஆகவே ஸ்டாண்டு அகலமாக இருக்கட்டும். தட்டை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏற்றி, அப்படியே மாற்றி மாற்றி இறக்குங்கள்.

கிளிப் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது), தோள் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), கர்ல் (முழங்கையை மடக்கித் தூக்குவது) எல்லாவற்றுக்கும் கிளிப் போட வேண்டும். தடுப்பும் இல்லை, சப்போர்ட் கொடுக்க ஆளும் இல்லை என்ற நிலையில் பெஞ்ச் பிரஸ் செய்யவே கூடாது. செய்துதான் தீருவேன் என்றால் கிளிப் போடாமல் செய்யுங்கள், மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டை வழியவிடலாம். மறுபக்கம் அந்த நொடியே எகிறும் என்பதால் அறையில் வேறு யாரும், குழந்தைகள் முக்கியமாக, இருக்கக் கூடாது. டம்பெல்லில் மரைநட்டு இருந்தால் ஒவ்வொரு செட்டுக்கும், அதாவது நிறுத்தாமல் செய்யும் ஒவ்வொரு சுற்றுக்கும், முன்னால் கையால் முறுக்கிப் பாருங்கள். படுத்துத் தள்ளும்போது தளரும் நட்டு நேரே முகத்துக்கு மேலே இருக்கிறது.

பிடியில் பெருவிரல் ராடைச் சுற்றி வர வேண்டும். ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைத்துப் பிடித்தால் மணிக்கட்டுக்குச் சுகமாகத் தெரியும், வியர்வையில் ராடு உள்ளங்கையிலிருந்து வழுக்கிப் போவதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. வியர்வைக்கு முகப்பவுடர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பவுடர் வழுக்கத்தான் செய்யும். ஜிம் சாக் என்று விற்பது மக்னீசியம் கார்பனேட், அது வேறு பொருள். ஒரு துண்டே போதும், பெஞ்ச் ரெக்சினிலும் அதையே விரித்துக்கொள்ளுங்கள். பெல்ட், கிளவுஸ், ஸ்ட்ராப் எதுவும் முதல் வருஷத்தில் தேவையில்லை. செருப்போடு செய்யக் கூடாது, மெத்தென்ற ஓட்டப் ஷூவும் ஸ்குவாட்டுக்கு ஆகாது. தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

படுத்துத் தள்ளும் டம்பெல் பிரஸ்ஸில் தோளைத் தூக்கும்போது மட்டுமல்ல, எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனிக்க வேண்டும். பெஞ்ச் நுனியில் உட்கார்ந்து இரண்டு டம்பெல்லையும் தொடை மேல் நிறுத்தி வையுங்கள். சாய்ந்து படுக்கும்போதே முழங்காலால் ஒவ்வொன்றாக உந்திவிட்டால் அவை தோளுக்கு வந்து நிற்கும். முடித்ததும் முழங்காலை மடக்கி மேலே கொண்டுவந்து, டம்பெல்லைத் தொடையில் சேர்த்து, அந்த வேகத்திலேயே எழுந்து உட்கார வேண்டும். படுத்தபடி கையை விரித்துத் தரையில் போட்டால் மூட்டு முழுக்கப் பின்னால் இழுபடும்.

டெட்லிஃப்ட்டில் ஒரு சூட்சுமம். ஒலிம்பிக் தட்டின் குறுக்களவு 45 செ.மீ., அதனால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். வீடியோக்களில் காட்டும் நிலை எல்லாம் அந்த உயரத்துக்கு. வீட்டு 10 கிலோ தட்டு அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதைத் தரையிலிருந்து எடுக்கக் குனிந்தால் இடுப்பு மடிந்து முதுகு வளையாமல் பெரும்பாலோரால் முடியாது. தட்டுகளுக்கு அடியில் மரக்கட்டையோ ரப்பர் மேட்டோ அடுக்கி ராடை 22 செ.மீட்டருக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். ஹாலோ பிளாக் வைக்காதீர்கள், அது ஓரத்தில் நொறுங்கும். ஹாலோ பிளாக் சுவரில் புல்-அப் கம்பி அடிப்பதும் கூடாது, ஆங்கர் போல்ட் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை. கான்கிரீட் பீமில் அடியுங்கள்.

மாடி அறை பற்றிக் கேட்டீர்கள். வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில் போடப்படுவது. நீங்களும் உங்கள் 50 கிலோவும் சும்மா இருந்தால் அது ஒன்றும் செய்யாது. கீழே போடுவதுதான் டைல்ஸையும் தளத்தையும் கெடுக்கும். ஜிம் மேட் வாங்குவதைவிட, பால்மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் கனத்த ரப்பர் மேட் ஒன்று வாங்கிப் போடுங்கள். மாடு நிற்கும் எடைக்குச் செய்தது, உங்கள் டம்பெல்லுக்கு அசையாது. மேலே தகரக் கூரை என்றால் ஏப்ரல், மே மதியத்தில் அந்த அறைக்குள் போகவே வேண்டாம், விடிகாலைதான் சரி. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்து வருகிறவர்களும் தூங்கி எழுந்தபின் செய்யட்டும்.

ஜிம்மில் சேருவதும் நல்ல யோசனைதான், முதல் மூன்று மாதத்துக்கு அதுவே மேல். பணம் கட்டும் முன் கேபிள் மெஷின் கம்பியைப் பாருங்கள். கப்பிக்கு மேல் வளையும் இடத்திலும், முனையில் நசுக்கிப் பிடித்த இடத்திலும் பிளாஸ்டிக் உறை கிழிந்து கம்பி இழை முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மெஷினைத் தொடாதீர்கள். எடைக் கட்டையில் பின்னுக்குப் பதில் ஸ்குரூடிரைவரோ ஆணியோ செருகியிருந்தால் அந்த ஜிம்மைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் முழங்காலை முழுக்க நீட்டிப் பூட்டக் கூடாது, இறக்கும்போது இடுப்பு மெத்தையை விட்டு எழும்பும் அளவுக்கும் போகக் கூடாது.

எடை எவ்வளவு என்பதற்கு: ஒழுங்காக 15 தண்டால், 25 பஸ்கி முதலில் வரட்டும். பிறகு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு பயிற்சியும் 2 அல்லது 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவை வரும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். எல்லா செட்டிலும் 12 வந்த பிறகே அடுத்த சிறிய தட்டு. மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை வலிப்பது இயல்பு. ஒரு மூட்டில் மட்டும் குத்துவதும், கை மரத்துப்போவதும் இயல்பு இல்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்கென்று ஒன்று. ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் கறை படியும், எலும்பும் மூட்டும் இறுகும்; குடிக்கும் நீரில் அது லிட்டருக்கு 1 மி.கி. வரைதான் இருக்கலாம், வேறு நீரே இல்லையென்றால் 1.5. அதைத் தாண்டிய போர் தண்ணீரால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் பழுப்புக் கறை இருப்பதாலேயே பயிற்சி கூடாது என்றில்லை. ஆனால் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர் மூன்றைச் செய்து பார்க்க வேண்டும்: முழங்கால் மடக்காமல் குனிந்து தரையில் இருக்கும் காசை எடுப்பது, தாடையை நெஞ்சில் தொடுவது, இரு கையையும் தலைக்குப் பின்னால் கோர்ப்பது. இதில் ஏதாவது இறுக்கமாக நின்றால், ராடைத் தோளில் ஏற்றும் முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த 50 கிலோ செட்டை ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால் திருப்பி அனுப்பவும் அவசியமில்லை. தட்டுகளை டம்பெல் ராடில் போட்டுப் பயன்படுத்துங்கள். 5 அடி ராடை நின்றபடி கர்லுக்கும், குனிந்து இழுக்கும் ரோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் கை விட்டால் அது தரைக்குத்தான் போகும், பாதத்தை மட்டும் தள்ளி வையுங்கள். மடக்கு பெஞ்சின் சாய்வுப் பின்னில் தடிமனான போல்ட் ஒன்றை மாற்றிப் போட்டு, நிமிர்ந்த நிலையில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதோடு வரும் இரண்டு கொக்கிக் கால்களைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுங்கள்.